இல்யாஸ் நபி இறப்பைக் கடந்தார்களா?

தகுதி வழக்கு மூன்றனுள் ஒன்றாக மங்கலத்தை வைத்தார் நன்னூலார். செத்தாரைத் துஞ்சினார் என்று கூறுவது அதற்கு உரையாசிரியர்கள் காட்டும் எடுத்துக்காட்டு. இன்றும் நாம் ஒருவர் இறந்தார் என்று வாய்விட்டுச் சொல்லக் கூசி, காலமானார் என்கிறோம், மறைந்தார் என்கிறோம், இறைவனடி சேர்ந்தார் என்கிறோம். நம் வீடுகளில் வபாத்தானார் என்று அரபுச் சொல்லுக்குள் ஒதுங்கிக் கொள்கிறோம். மறைந்தார் என்று கேட்ட மாத்திரத்தில், எங்கே மறைந்தார் என்று தேடப் புறப்படுவார் எவருமிலர்.

ஆனால், ஏறத்தாழ 2850 ஆண்டுகளுக்கு முன், யோர்தான் ஆற்றங்கரையில் அவ்வாறு தேடப் புறப்பட்டவர்கள் இருந்தார்கள். 50 ஆடவர், 3 நாள், மலையென்றும் பள்ளத்தாக்கென்றும் பாராமல் தேடினார்கள், காணாமல் திரும்பினார்கள். அவர்கள் தேடியது இஸ்ரவேலரின் தீர்க்கதரிசி எலியாவை. நாம் இல்யாஸ் (அலை) என்று போற்றும் நபியவர்களை.

இல்யாஸ் நபியவர்கள் இறக்கவே இல்லை, உடலோடு விண்ணகம் புகுந்து இன்றளவும் உயிரோடிருக்கிறார்கள் என்னும் நம்பிக்கை யூதரிடையேயும் கிறித்தவரிடையேயும் பரவலாக உண்டு. நம்மவரிடையேயும் இல்லாமலில்லை. ஹிழ்று (அலை) அவர்களும் இல்யாஸ் (அலை) அவர்களும் ஆண்டுதோறும் ஹஜ்ஜுக் காலத்தில் சந்தித்துக் கொள்கிறார்கள் என்று கேட்டு வளர்ந்த பெரியவர்கள் நம்மிடையே உளர். இது எந்த அளவுக்கு மூலநூல்களின் சொல், எந்த அளவுக்கு நம் விழைவு என்பதை ஆய்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். எவர் நம்பிக்கையையும் எள்ளுவது நம் கருத்தன்று. நூல் சொன்னதற்கும் நூலின்மேல் ஏற்றிச் சொன்னதற்கும் வேற்றுமை காண்பது தமிழ் பயில்வோருக்குப் பழகிய வேலை. மூலம் எது, இடைச்செருகல் எது என்று பாடம் நோக்கிப் பயின்ற கண்ணை இங்கும் திறந்து வைப்போம்.

முதற்கண், நிகழ்ச்சியை விவரிக்கும் பழைய ஏற்பாட்டின் இராஜாக்கள் இரண்டாம் புத்தகத்தைப் பார்ப்போம். கில்காலிலிருந்து பெத்தேல், பெத்தேலிலிருந்து எரிகோ, எரிகோவிலிருந்து யோர்தான் என்று ஆசிரியரும் மாணாக்கரும் நடந்து செல்கின்றனர். மாணாக்கர் எலிசா, திருக்குர்ஆன் அல்யஸஉ (அலை) என்று பெயர் சுட்டும் நபியவர்கள். ஒவ்வோர் ஊரிலும் ஆசிரியர், நீ இங்கேயே இரு என்கிறார். மாணாக்கர் பிரிய மறுக்கிறார். சால்வையைச் சுருட்டி ஆற்றில் அடிக்க, நீர் பிளந்து வழிவிடுகிறது. அக்கரை சேர்ந்தபின், தலைமகனுக்குரிய இரட்டிப்புப் பங்கை மாணாக்கர் கேட்கிறார். பேசிக்கொண்டே நடக்கையில் நெருப்புத் தேரும் நெருப்புக் குதிரைகளும் தோன்றி இருவரையும் பிரிக்கின்றன. சுழல்காற்றில் எலியா மேலேறுகிறார்.

நெருப்புத் தேரில் ஏறிப் போனார் என்றே ஓவியங்களெல்லாம் காட்டுகின்றன. நூலோ தேர் இருவரையும் பிரித்தது என்கிறது, ஏறியது காற்றில். தேர் மாணாக்கரை அப்பால் நிறுத்தும் திரையாயிற்றேயன்றி ஊர்தியாகவில்லை. ஒரு நூலைப் படித்தவரினும் அதன் படத்தைப் பார்த்தவர் மிகுதி என்பதற்கு இதனினும் நல்ல சான்று நாம் கண்டதில்லை.

அடுத்து எலிசா செய்வது கூர்ந்து நோக்கத்தக்கது. தந்தையே என்று இருமுறை அலறுகிறார்; இஸ்ரவேலின் தேர்களும் குதிரை வீரரும் நீரே என்னும் பொருள்பட விளித்துப் புலம்புகிறார்; தம் ஆடையைப் பற்றி இரண்டாகக் கிழிக்கிறார். ஆடை கிழித்தல் அச்சமூகத்தில் இழவின் அடையாளம். தம் ஆசிரியர் சாவை வென்றார் என்று கண்ணாரக் கண்டவர், வாழ்த்துப் பாடாமல் ஏன் ஆடையைக் கிழித்தார்?

அப்புலம்பல் மொழிக்கும் ஒரு பின்னணி உண்டு. தேர்ப்படையே அன்றைய அரசுகளின் வலிமைக்கு அளவுகோல். கி.மு. 853இல் கார்க்கார் என்னுமிடத்தில் நடந்த போரைப் பற்றி அசீரிய அரசன் மூன்றாம் ஷல்மனேசர் பொறித்த கல்வெட்டில், இஸ்ரவேலின் ஆகாபுக்கு 2,000 தேர்கள் இருந்ததாகக் காணப்படுகிறது. எலியா எதிர்த்து நின்ற அதே ஆகாப். அவ்வளவு தேர்களுக்கும் ஈடாக ஒற்றை மனிதர் நின்றார் என்பதே அப்புலம்பலின் உட்பொருள். அதே சொற்களை அதே நூல் இன்னும் ஓரிடத்தில், எழுத்துப் பிசகாமல், மீண்டும் ஆள்கிறது. எலிசா நோயுற்றுச் சாகக் கிடக்கும் படுக்கையின் அருகே நின்று யோவாஸ் என்னும் அரசன் அழுதுரைத்த சொற்கள் அவையே. எலிசா இறந்தார், அடக்கப்பட்டார் என்பதை அந்நூல் ஐயத்துக்கு இடமின்றிக் கூறுகிறது. ஆகவே அம்மொழி கையறுநிலை போன்றதோர் இரங்கல் மொழி என்று கொள்வதில் தவறில்லை.

இனி, சொல்லாராய்ச்சி. எபிரேயத்தில் ‘லாகாஹ்’ என்றொரு வினை உண்டு. எடுத்தல், எடுத்துக்கொள்ளுதல் என்பது பொருள். ஆண்டவன் உம் ஆசிரியரை இன்று எடுத்துக்கொள்ளப் போகிறான் என்று தீர்க்கதரிசிகளின் புத்திரர் எலிசாவிடம் சொல்லும் இடத்தில் வருவது அவ்வினையே. ஆதியாகமத்தில் 365 ஆண்டு வாழ்ந்த ஏனோக்கைப் பற்றிச் சொல்லும் இடத்திலும் அதுவே. இவ்விரண்டை மட்டும் பார்த்தால், உயிரோடு எடுத்துக்கொள்ளுதல் என்னும் சிறப்புப் பொருள் அதற்கு உண்டு போலத் தோன்றும். ஆனால், எசேக்கியேல் நூலில் அத்தீர்க்கதரிசியின் மனைவி திடீரென இறந்ததை ஆண்டவன் முன்னறிவிக்கும்போதும் அதே வினைதான் வருகிறது. அதைவிட முதன்மையானது, எலியாவே அவ்வினையைத் தம் வாயால் ஆண்ட இடம்.

யேசபேல் அரசியின் கொலை மிரட்டலுக்குத் தப்பி, பாலைநிலத்தில் ஒருநாள் வழி நடந்து, ஒரு சூரைச்செடியின் அடியில் அமர்ந்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள் என்று அவர் இறைவனிடம் இறைஞ்சுகிறார். அங்கும் ‘லாகாஹ்’ தான். பழைய தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இரண்டிடத்தும் எடுத்துக்கொள் என்றே பெயர்த்துள்ளமை பாராட்டுக்குரியது. தமிழ்ப் பாடத்தைக் கொண்டே இதனைச் சரிபார்க்கலாம். எனவே, எடுத்துக்கொள்ளப்பட்டார் என்பது எபிரேயரின் மங்கல வழக்காகவும் இருத்தல் கூடும். கூடும் என்றுதான் சொல்கிறோம். அச்சொல் இறப்பை மறுக்கவுமில்லை, உறுதி செய்யவுமில்லை. இரண்டுக்கும் இடங்கொடுத்து நிற்கிறது.

மற்றொரு சொல்லில் நம் மொழிபெயர்ப்பாளர் அத்துணை நடுநிலை காக்கவில்லை. ‘ஷாமயிம்’ என்னும் எபிரேயச் சொல் மேகம் கூடும் வானத்துக்கும் இறைவனின் உறைவிடத்துக்கும் பொதுவானது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரத்தில் அதனை வானம் என்று பெயர்த்தனர். எலியாவின் வேண்டுதலால் பஞ்சம் நீங்கி மழைக்கார் திரளும் இடத்திலும் வானம் என்றே பெயர்த்தனர். அவர் சுழல்காற்றில் ஏறும் இடத்தில் மட்டும் பரலோகம் என்று எழுதிவிட்டனர். மூலத்தில் திறந்து கிடந்த கதவைத் தமிழ் சாத்திவிட்டது! கிறிஸ்துவுக்கு முன்னரே அதனைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் எதிர்த்திசையில் எச்சரிக்கையாக இருந்தனர். வானத்துக்கு என்னாமல், வானத்துக்குப் போல என்று ஓர் உவம உருபைச் சேர்த்தனர். ஒரு சொல்லால் ஒரு கொள்கை எழும், ஓர் இடைச்சொல்லால் அது தளரும் என்பதை மொழிபெயர்ப்பு பயிலும் மாணவர்கள் இங்கே கண்கூடாகக் காணலாம்.

யூத அறிஞர்கள் இவ்வினாவைத் தவிர்த்து ஓடியவர்கள் அல்லர். கி.பி. 93 அளவில் தம் வரலாற்று நூலை முடித்த யோசேப்பஸ், எலியா மனிதரிடையேயிருந்து மறைந்தார், அவர் முடிவை எவரும் அறியார் என்ற அளவில் நிறுத்திக் கொண்டார். இரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த ரப்பி யோசே, மூஸா நபியும் எலியாவும் விண்ணுக்கு ஏறவே இல்லை என்று கூறியதாகத் தல்மூதின் சுக்கா பகுதி குறிக்கிறது. வானம் இறைவனுடையது, பூமியே மாந்தருக்கு அளிக்கப்பட்டது என்னும் சங்கீதக் கருத்து அவருக்கு ஆதாரம். அவர் காற்றில் ஏறினார் என்று நூலே சொல்கிறதே என்று அவையோர் தடை எழுப்ப, விண்ணுக்குப் பத்துக் கையகலம் கீழே என்று விடை கூறப்பட்டது. இவ்விடை நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். ஆனால் படைத்தவனுக்கும் படைப்புக்கும் இடையே ஒரு வரம்பு உண்டு என்பதை அந்தப் பத்துக் கையகலத்துக்குள் வைத்துக் காத்தவர்களின் அக்கறை நகைப்புக்குரியதன்று.

அதே தல்மூதின் மோஎத் காத்தான் பகுதியில் இன்னும் நுட்பமான உரையாடல் ஒன்றுண்டு. ஆசிரியர் இறந்தால் மாணாக்கர் ஆடை கிழிக்க வேண்டும் என்னும் விதிக்கு எலிசாவின் செயலைச் சான்று காட்டுகின்றனர். ரேஷ் லாகிஷ் என்பார், எலியா உயிரோடல்லவா இருக்கிறார் என்று மறுக்கிறார். அதற்கு ரப்பி யோகனான், எலிசா அவரை மீண்டும் காணவில்லை என்று எழுதப்பட்டுள்ளது, ஆகவே எலிசாவைப் பொறுத்தவரை அவர் இறந்தவரே என்று விடையிறுக்கிறார். இறந்தாரா என்னும் கேள்வியைப் போனவரிடமிருந்து எடுத்து, இழந்தவரிடம் கொண்டுவந்து வைத்துவிட்டார் அப்பெரியார். பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த உரையாசிரியர் தாவீது கிம்ஹியோ இன்னும் வெளிப்படையாக, காற்று அவரை மேலெடுத்தது, உடற்கூறுகள் தத்தம் பூதங்களோடு கலந்தன, ஆவி இறைவனிடம் மீண்டது என்னும் கருத்துப்பட எழுதினார். உடலோடு ஏதேன் தோட்டம் புகுந்தார் என்று மக்கள் நம்புவதையும் அவர் மறைக்கவில்லை. பஸ்கா விருந்தில் எலியாவுக்கென்று ஒரு கிண்ணம் நிரப்பி வாயிற்கதவைத் திறந்து வைக்கும் அதே சமுதாயத்தின் ஏடுகளில்தான் இவ்வளவும் இருக்கின்றன.

கிறித்தவ நூல்களைப் பொறுத்தவரை ஒன்றைச் சுட்டினால் போதும். எபிரெயருக்கு எழுதப்பட்ட நிருபம், ஏனோக்கு மரணத்தைக் காணவில்லை என்று வெளிப்படையாகவே கூறுகிறது. எலியாவைப் பற்றி அவ்வாறானதொரு வாக்கியம் விவிலியத்தில் இல்லை. அவர் மீண்டும் வருவார் என்று மல்கியா நூல் கூறுவதனால் அவர் இறந்திருக்க முடியாது என்பார் உளர். யோவான் ஸ்நானகரே, அதாவது யஹ்யா (அலை) அவர்களே, அந்த எலியா என்று மத்தேயு நற்செய்தி பொருள் கொள்வதால் அவ்வாதம் வலுவிழக்கிறது. யூதாவின் அரசன் யோராமுக்கு எலியாவிடமிருந்து ஒரு மடல் வந்ததாக நாளாகமம் கூறுவதை வைத்து, அவர் வேறிடத்தில் வாழ்ந்திருந்தார் என்று வாதிடுவாரும் உளர். அக்கால அரசர்களின் ஆட்சியாண்டுக் கணக்குகளே ஒன்றோடொன்று முரணி நிற்பதால், அதன்மேல் எதையும் கட்டுவது மணலில் கட்டுவதேயாகும்.

இனி நம் திருமறைக்கு வருவோம். இல்யாஸ் (அலை) அவர்களைத் திருக்குர்ஆன் அல்அன்ஆம் அத்தியாயத்தில் நல்லடியார்களுள் ஒருவராகப் பெயர் சுட்டுகிறது. அஸ்ஸாஃப்பாத் அத்தியாயத்தின் 123 முதல் 132 வரையுள்ள பத்து வசனங்களில் அவர்களின் பணியை விரிக்கிறது. படைப்போரில் மிக அழகியவனை விடுத்து பஅல் என்னும் சிலையை அழைக்கிறீர்களா என்று தம் மக்களை அவர்கள் கேட்டதும், மக்கள் பொய்ப்பித்ததும், பின்வந்தோரிடையே அவர்களுக்கு நற்பெயர் நிலைபெற்றதும், அவர்கள்மீது ஸலாம் உண்டாவதும் அங்கே உள்ளன. தேர் இல்லை, காற்று இல்லை, விண்ணேற்றம் இல்லை. இந்த மௌனத்தைச் சிறியதாக எண்ணலாகாது. அதே திருமறை, இத்ரீஸ் (அலை) அவர்களை உயர்ந்த இடத்துக்கு உயர்த்தியதாக மர்யம் அத்தியாயத்தில் கூறுகிறது. ஈஸா (அலை) அவர்களைத் தன்னளவில் உயர்த்திக் கொண்டதாக இறைவன் கூறும் இடமும் உண்டு. சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லும் மறை, இல்யாஸ் நபியவர்கள்பால் சொல்லவில்லை. மேலும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுக்கு முன்னிருந்த எந்த மனிதருக்கும் நிலைபேற்றை அளிக்கவில்லை என்பதையும், ஒவ்வோர் உயிரும் இறப்பைச் சுவைக்கும் என்பதையும் அல்அன்பியா அத்தியாயம் அடுத்தடுத்த வசனங்களில் வைத்திருக்கிறது.

அப்படியானால் கதைகள் எங்கிருந்து வந்தன? இல்யாஸ் நபியவர்கள் தம்மை எடுத்துக்கொள்ளுமாறு வேண்ட, நெருப்பு நிறத்தில் ஓர் ஊர்தி வந்தது, அவர்களுக்குச் சிறகுகள் அளிக்கப்பட்டன, வானவராகவும் மனிதராகவும் ஆனார்கள் என்னும் செய்தி வஹ்பு இப்னு முனப்பிஹ் வாயிலாக வந்தது. ஹிஜ்ரி 774இல் மறைந்த இப்னு கதீர் அவர்கள் தம் ‘அல்பிதாயா வந்நிஹாயா’வில் இதனை எடுத்தெழுதி, இஸ்ரவேலரிடமிருந்து வந்த செய்திகளுள் ஒன்று இது, உண்மையாயிருத்தல் அரிது என்று மதிப்பிட்டார்கள். பயணமொன்றில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை இல்யாஸ் நபியவர்கள் சந்தித்ததாக ஹாகிம் அவர்கள் பதிவு செய்த அறிவிப்பை, இட்டுக்கட்டப்பட்டது என்று தஹபீ அவர்கள் கடிந்து ஒதுக்கினார்கள். நம் முன்னோர் கதைகளை அறியாதவர்கள் அல்லர். அறிந்து, எழுதி, அவற்றின் அருகிலேயே தராசையும் வைத்துச் சென்றார்கள். கதையை மட்டும் கைக்கொண்டு தராசை விட்டுவிட்டவர்கள் பின்வந்த நாமே.

இத்ரீஸ் (அலை) அவர்களைப் பற்றிக் கஅபுல் அஹ்பார் கூறியதாக விரிவுரை நூல்கள் தரும் செய்தியொன்று ஈண்டு நினைக்கத்தக்கது. தம் ஆயுள் நீள வேண்டிய இத்ரீஸ் நபியை ஒரு வானவர் சிறகில் சுமந்து ஏறுகிறார். நான்காம் வானில் உயிர் கைப்பற்றும் வானவர் எதிரே இறங்கி வருகிறார். இத்ரீஸ் எங்கே என்று அவர் கேட்க, இதோ என் முதுகில் என்கிறார் சுமந்தவர். நான்காம் வானில் இத்ரீஸின் உயிரைக் கைப்பற்றுமாறு எனக்குக் கட்டளை, அவர் மண்ணில் இருக்கையில் அது எங்ஙனம் என்று வியந்துகொண்டே வந்தேன் என்கிறார் அவர். அங்கேயே உயிர் கைப்பற்றப்படுகிறது. இச்செய்தியின் அறிவிப்பு வலிமை எத்தகையதாயினும் ஆகுக. மேலேறுதலும் இறப்பைக் கடத்தலும் ஒன்றல்ல என்பதை நம் முன்னோர் எவ்வளவு தெளிவாக உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு இது போதும்.

மிஃராஜ் இரவின் செய்தியும் இதனையே காட்டுகிறது. ஸஹீஹுல் புகாரியின்படி, இரண்டாம் வானில் ஈஸா (அலை) அவர்களும் யஹ்யா (அலை) அவர்களும் ஒருங்கே காணப்பட்டார்கள். ஒருவர் உயர்த்தப்பட்டவர், மற்றவருக்கோ அவர் இறக்கும் நாளும் உண்டென்று திருமறை கூறுகிறது. இருவரும் ஒரே வானில்! ஆறாம் வானில் மூஸா (அலை), ஏழாம் வானில் இப்ராஹீம் (அலை). விண்ணில் இருத்தல் இறவாமைக்குச் சான்றாகுமெனில் இவர்கள் எவரும் இறந்திருக்கலாகாது. ஈஸா (அலை) அவர்கள் பால் நம் பெரும்பான்மையோர் கொண்ட நம்பிக்கையிலும், அவர்கள் இறங்கி வந்து வாழ்ந்து இறப்பார்கள், முஸ்லிம்கள் அவர்களுக்கு ஜனாஸாத் தொழுகை தொழுவார்கள் என்பது அடங்கியிருக்கிறது. அதாவது, இறப்பு தள்ளிவைக்கப்பட்டது, நீக்கப்படவில்லை.

இவ்வளவும் எதற்கு என்று கேட்பார் உளர். காரணம் உண்டு. சமய விவாத மேடைகளில் இல்யாஸ் நபியவர்களின் விண்ணேற்றம் ஒரு படைக்கலமாகக் கையாளப்படுகிறது. உங்கள் வேதத்திலேயே எலியா உயிரோடு விண்ணேறினாரே, இயேசு ஏறியதில் என்ன தனிச்சிறப்பு என்று நம் பேச்சாளர் கேட்கிறார், கைதட்டல் எழுகிறது. அவரே வேறொரு மேடையில், அந்நூல்கள் திரிபுற்றவை, அவற்றின் கதைகளை நம்பலாகாது என்கிறார். அங்கும் கைதட்டல் எழுகிறது. தாம் உண்மையென்று ஏற்காத ஒன்றைப் பிறரை மடக்குவதற்காக உண்மைபோல் எடுத்தாள்வது விவாதத் திறனாகலாம், சான்று பகர்தலாகாது. சான்று பகர்வதில் நீதி தவறலாகாது, ஒரு கூட்டத்தார்மீதுள்ள பகையும் அதற்குக் காரணமாகலாகாது என்று கட்டளையிடப்பட்ட சமுதாயம் நாம். அயலார் நூலைப் படிக்க விரும்பினால் முழுதும் படிப்போம். ஆடை கிழித்த வரியையும் சேர்த்துப் படிப்போம்.

நம் முடிவு இது. இல்யாஸ் (அலை) அவர்கள் இறப்பைக் கடந்தார்கள் என்பதற்கு எபிரேய மூலத்திலும் சான்றில்லை, நம் திருமறையிலும் சான்றில்லை. அவர்கள் எவ்வாறு எடுத்துக்கொள்ளப்பட்டார்கள் என்பது அல்லாஹ் ஒருவனே அறிந்தது. இறப்புக்குத் தப்பியவர் என்னும் பட்டம் அவர்களின் வாழ்க்கைக்குப் பொருந்தவுமில்லை. சூரைச்செடியின் அடியில் இறப்பை வேண்டிக் கிடந்தவர்களுக்கு இறப்பு அளிக்கப்படவில்லை. சுட்ட அடையும் ஒரு குடுவைத் தண்ணீரும் இருமுறை அளிக்கப்பட்டன; நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையேறும் வலிமை அளிக்கப்பட்டது; அங்கே, வந்த வழியே திரும்பிப் போ என்னும் ஆணையும், செய்து முடிக்க மூன்று பணிகளும் அளிக்கப்பட்டன. அம்மூன்றனுள் ஒன்று, தமக்குப்பின் அப்பணியைத் தாங்க எலிசாவைத் தேர்ந்து கொள்வது. தாமே என்றென்றும் இருக்கப் போகிறவரிடம், உமக்குப்பின் ஒருவரை நியமியும் என்று எவரும் சொல்வதில்லை. அவர்கள் போய் எலிசாவைக் கண்டார்கள். பன்னிரண்டு ஏர் மாடுகள் முன்செல்ல உழுதுகொண்டிருந்த அந்த வாலிபர்மேல் தம் சால்வையைப் போட்டுவிட்டுக் கடந்து சென்றார்கள்.